ஆண்டவருக்கு மட்டும் சொன்னது

பொழுது சாய்ந்ததும் ஹேசல் வீட்டில் எல்லாரும் இயேசுவின் படத்துக்கு முன்னால் முழந்தாளிடுவார்கள். செபமாலை முடிந்தபின் ஒவ்வொருவரும் தம் மனதில் உள்ளதைச் சத்தமாகச் சொல்லி மன்றாடுவது அந்த வீட்டு வழக்கம்.

அப்பா சுருக்கமாக முடித்துவிடுவார். பகல் முழுவதும் தச்சுப் பட்டறையில் நின்ற கால்கள் அவருக்கு. ஹேசலுக்கோ முடிக்கவே மனம் வராது. வாவியில் கண்ட கொக்கு முதல் வகுப்பில் உடைந்த பென்சில் வரை ஆண்டவரிடம் சொல்ல அவளிடம் எப்போதும் ஏதாவது இருக்கும்.

அன்று தன் தோழிக்காக மன்றாடினாள்.

"ஆண்டவரே, விதுர்ஷா பாவம். பள்ளிக்கூடத்தால ராத்தங்கப் போற பாசிக்குடாக் கேம்புக்கு வரப் பயப்பிடுறாள். அவள் இன்னும் நித்திரையில விரல் சூப்புறவள். மத்தப் புள்ளைகள் கண்டிருவாங்க எண்டு அழுறாள். அந்தப் பழக்கத்த விடவச்சிருங்க."

அண்ணன் றயன் களுக்கென்று சிரித்தான். அம்மா அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். ஹேசல் "ஆமென்" சொல்லிவிட்டு நிம்மதியாக எழுந்தாள்.

மறுநாள் காலை, பள்ளிக்கூட வாசலில் விதுர்ஷாவைக் கண்ட றயன், சைக்கிளை மெதுவாக்கினான். பெருவிரலை வாயில் வைத்துக் காட்டிவிட்டுப் போய்விட்டான். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

விதுர்ஷாவின் முகம் சுருங்கிப்போனது.

"ஆருக்குச் செல்லின நீ?" என்று, தன் ரகசியத்தைச் சொல்லிவிட்ட கோபத்தில் பக்கத்தில் நின்ற ஹேசலிடம் கேட்டாள்.

"ஒருத்தருக்கும் செல்லல்ல, புள்ள. ஆண்டவருக்கு மட்டுந்தான் செல்லின."

"அப்ப உன்ட ஆண்டவரா றயனுக்குச் செல்லினவர்?"

ஹேசல் றயன் போன பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நான் கேம்புக்கு வரமாட்டன். நீயும் என்னோட கதைக்காத" என்று சொல்லிவிட்டு விதுர்ஷா வகுப்பில் வேறு மேசையில் போய் உட்கார்ந்தாள். அன்று இடைவேளையில் ஹேசல் தனியாகச் சாப்பிட்டாள். பாணையும் சம்பலையும் பாதியிலேயே மூடி வைத்தாள்.

மாலையில் றயன்தான் முதலில் மன்றாடினான்.

"ஆண்டவரே, காலையில பகிடி பண்ணினதுக்கு மன்னிச்சிருங்க."

அம்மா ஒரு கண்ணைத் திறந்தார். "என்ன பகிடி?"

"அது ஆண்டவருக்குச் செல்லினது, அம்மா."

"எனக்கும் கேட்டிட்டு. செபம் முடியட்டும், வாறன்."

அடுத்தது ஹேசலின் முறை. அவள் வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள்.

மனதுக்குள் சொன்னாள்: 'நான் நல்லதுதானே கேட்டேன்? ஆனால் அது அவளுடைய ரகசியம். எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டேன். பிழை என்னுடையதுதான். அவள் என்னை விட்டுப் போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது.'

இவ்வளவு மெதுவாக அவள் ஆண்டவரிடம் பேசியதே இல்லை. ஆனாலும் அவர் மிகக் கிட்ட வந்து குனிந்து கேட்பதுபோல இருந்தது.

"இவள் ஒண்டும் செல்லல்ல, அம்மா" என்றான் றயன்.

"செல்லிற்றன்" என்றாள் ஹேசல்.

விடிந்ததும் அவள் விதுர்ஷாவின் வீட்டுக்குப் போனாள். விதுர்ஷா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஆண்டவர்ல பிழையில்ல, அண்ணாவிலயும் முழுப்பிழையில்ல. என்ட வாய்தான். மன்னிச்சிரு, புள்ள."

விளக்குமாறு நின்றது.

"ராவைக்கும் செபம் பண்ணின நீயா?"

"ஓம்."

"என்னப் பத்தி என்ன செல்லின?"

"அது அவருக்கு மட்டும் செல்லினது. உனக்கும் செல்லமாட்டன்."

விதுர்ஷா அவளை உற்றுப் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அப்ப சரி. கேம்பில எனக்குப் பக்கத்தில பாயப் போடு. நான் விரல வாயில வச்சா என்ன செய்வாய்?"

"கையப் புடிச்சிக்கொண்டு படுப்பன்."

விதுர்ஷா விளக்குமாற்றை இடது கைக்கு மாற்றிவிட்டு, வலது கையை நீட்டினாள்.

"இந்தக் கை" என்றாள்.