மாதிரி எண் ஒன்பது

லிஃப்ட் கதவின் இடுக்கில் முதலில் தெரிந்தது ஒரு கட்டைவிரல்தான். பிறகுதான் முகம் தெரிந்தது... மழையில் நனைந்த புருவம், சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் கண்கள்.

"பயந்துட்டீங்களா மேடம்?"

"இருபது நிமிஷம் நடுவுல தொங்கினா, பயப்படாம பாட்டா பாடுவாங்க?"

அந்த மெக்கானிக் கை கொடுத்து அவளை வெளியே இறக்கினான். அத்தோடு போயிருந்தால் கதையே இல்லை. பழுது விவரத்தைப் பதிவு செய்ய இடுப்பிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்துத் தட்டினான்... தட்டினான்... தலையில் அடித்துக்கொண்டான்.

"மூணாவது தடவையா மொத்தமும் அழிஞ்சு போச்சு! இந்தக் கீபோர்டை டிசைன் பண்ண புண்ணியவான் மட்டும் என் கையில கிடைச்சா..."

"புண்ணியவான் இல்லை. நான்தான்."

அவன் திருதிருவென்று விழித்தான். அவளுக்கோ மூக்குக்கு மேல் கோபம். எட்டு மாத உழைப்பாயிற்றே!

"கீபோர்டுல தப்பில்லை சார். உங்க விரல்தான் உலக்கை மாதிரி இருக்கு."

"எல்லாருக்கும் உங்களை மாதிரி பூ விரலா இருக்கும்?"

சுருக்கென்றது. பட்டன் அளவை அவள் தன் விரலையும் பக்கத்து மேசைக்காரர்கள் ஏழு பேரின் விரல்களையும் வைத்துத்தான் முடிவு செய்திருந்தாள். மெக்கானிக்குகளுக்கென்று செய்த கருவியை ஒரு மெக்கானிக்கிடமும் கொடுத்துப் பார்க்கவில்லை!

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்க ஆபீசுக்கு வர்றீங்களா? டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம்," என்றாள், ஜன்னல் மழையைப் பார்த்தபடி.

வந்தான். வாராவாரம் வந்தான். அவள் ஸ்கேல் வைத்து அவன் கட்டைவிரலை அளப்பாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொள்வான். பக்கத்துப் பக்கத்தில் இருந்த 'அனுப்பு' பட்டனும் 'அழி' பட்டனும் ஆளுக்கொரு மூலைக்குப் போயின. பார்க்காமலே விரலுக்குத் தெரியும்படி ஒவ்வொரு பட்டனின் நடுவிலும் சின்ன மேடு வைத்தாள்.

"இப்போ எப்படி இருக்கு?"

"கீபோர்டு நல்லா இருக்கு. அளக்கிறவங்க கைதான் நடுங்குது."

"அது... ஏசி குளிர்," என்று மழுப்பினாள்.

ஏழாவது வாரம், டெஸ்ட் முடிந்து கிளம்பும்போதுதான் வினை வந்தது. கதவு திறந்திருந்த மீட்டிங் அறைச் சுவரில் அவன் விரலின் படம். கீழே அவள் கையெழுத்தில், முதல் வாரம் எழுதியது: 'மாதிரி எண் 9. முரட்டு விரல்.'

அவன் முகம் சுருங்கிவிட்டது. "ஒரு மனுஷனாத்தான் கூப்பிடறீங்கன்னு நினைச்சு வந்தேங்க. வெறும் விரல்னு தெரியாமப் போச்சு."

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை. 'வராட்டி போகட்டும்' என்று அவளும் வீம்பாக இருந்தாள். வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து அக்காதான் பொறுமையிழந்தாள்: "முகத்தை இப்படித் தூக்கி வச்சுக்கிட்டு எத்தனை நாள் இருப்ப? போய்ப் பேசித் தொலையேன்டி!"

அவன் கம்பெனியில் விசாரித்து, ஒரு துணிக்கடையின் லிஃப்ட் அருகே அவனைக் கண்டுபிடித்தாள். மண்டியிட்டு வயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவள் தொப்பலாக நனைந்திருந்தாள்.

"எழுதினது தப்பு. மன்னிச்சிடுங்க. இன்னொண்ணும் சொல்லணும்... அந்தக் கீபோர்டு நாலாவது வாரமே முடிஞ்சு போச்சு."

அவன் கை நின்றது. "அப்போ மீதி மூணு வாரம் எதை அளந்தீங்க?"

"எதையும் அளக்கலை. நீங்க தட்டினதைக்கூடப் பார்க்கலை... உங்க கையைப் பிடிச்சுக்க எனக்கு வேற சாக்கு கிடைக்கலை."

அவன் எழுந்தான். கிரீஸ் கையைத் துணியில் துடைத்தான்... துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நல்லவேளை பார்க்கலை. மூணு வாரமா வேணும்னேதான் தப்புத் தப்பா தட்டினேன்... சரியா தட்டினா, இனிமே வர வேண்டாம்னு சொல்லிடுவீங்களோன்னு."