ஸ்டார்ட் ஆகாத சாட்சி!

"ஐயோ... அப்பா!"

மகள் போட்ட அலறலில் பங்களாவே அதிர்ந்தது.

புல்தரையின் நடுவில் பெரியவர் குப்புறக் கிடந்தார். அவர் முதுகின் மேல் புல் வெட்டும் வண்டி. உட்கார்ந்து ஓட்டுகிற ரகம். குட்டி டிராக்டர் மாதிரி இருக்கும்.

உயிர் இல்லை!

அது நேற்று.

இன்று அதே புல்தரையில் வீட்டோட மாப்பிள்ளை கழுத்தைத் துடைத்தபடி நின்றிருந்தான். வெயில் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனாலும் வேர்த்துக் கொட்டியது.

கொட்டாமல் என்ன செய்யும்? மாமனார் மேல் வண்டியை ஏற்றியவனே அவன்தானே!

"இன்னொரு தடவை சொல்லிடுங்க சார்," என்றார் பெண் இன்ஸ்பெக்டர். "என்ன பார்த்தீங்க?"

"எத்தனை தடவைங்க சொல்றது? நான் மாடியில நின்னேன். தோட்டக்காரன் இன்ஜினை ஓட விட்டுட்டு எறங்கிப் போயிட்டான். வண்டி தானா ஓடி வந்து... மாமாவுக்கு வேற காது கேக்காது..."

"வண்டியில ஆளே இல்ல?"

"ஈ காக்கா இல்ல!"

"ஆஃப் பண்ணிட்டுத்தாம்மா போனேன்!" தோட்டக்காரர் கதறினார். "சாவியை அதுலயே விட்டது தப்புதான். எதிர் வீட்டுல குழாய் ஒழுகுதுன்னு கூப்பிட்டாங்க..."

"நீங்க அங்கதான் இருந்தீங்கன்னு எதிர் வீட்டம்மாவும் சொல்லிட்டாங்க. ஆனா இன்ஜினை ஓட விட்டுட்டுப் போயிருந்தா, உள்ள போகப்போறது நீங்கதான்!"

தோட்டக்காரர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

போய்த் தொலை என்று நினைத்துக்கொண்டான் மாப்பிள்ளை. 'வீட்டோட மாப்பிள்ளைன்னா தண்டச்சோறுன்னு அர்த்தமா?' என்று நாலு பேர் முன்னால் கேட்ட பெரியவருக்குப் பதில் கொடுத்தாயிற்று. பழியைச் சுமக்க ஆளும் கிடைத்தாயிற்று.

"ஒரே ஒரு ஃபார்மாலிட்டி சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "வண்டி ஸ்டார்ட் ஆச்சுன்னா ஃபைலை இங்கயே மூடிடலாம். ஆகலைன்னா லாரியில ஏத்தி லேபுக்கு அனுப்பணும். போல்ட் போல்ட்டா கழட்டி, இண்டு இடுக்கெல்லாம் கைரேகை எடுப்பாங்க."

கைரேகை!

ஸ்டியரிங்கைத் துடைத்தான். சாவியைத் துடைத்தான். ஆனால் கால் எட்டவில்லை என்று சீட்டை முன்னால் இழுத்தானே... அடியில் இருந்த லீவர்? அதைத் துடைத்தானா?

ஓரக்கண்ணால் சீட்டைப் பார்த்தான்.

காக்கிச் சட்டை மெக்கானிக் வண்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே கையை நீட்டிச் சாவியைத் திருகினான்.

சத்தமே இல்லை!

"பெட்ரோல் இல்லையோ?" டேங்க்கைத் திறந்து மோந்து பார்த்தான். "இருக்கே!"

"பேட்டரியைப் பாருங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

வயரைக் கழற்றித் துடைத்து மாட்டினான். நின்றபடியே திருகினான்.

ஊஹூம்!

"ஸ்பார்க் பிளக்தான் மேடம்... நிச்சயமா அதுதான்!"

அதையும் கழற்றி, ஊதி, மாட்டி... மறுபடியும் நின்றபடியே!

மாப்பிள்ளைக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. இவன் நிஜமாகவே மெக்கானிக்தானா? இந்த இன்ஸ்பெக்டர் ஏன் வண்டியைப் பார்க்காமல் என்னையே பார்க்கிறாள்? காலையிலிருந்து என் மனைவி ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை?

வாசலில் லாரியின் ஹாரன்!

"லாரி வந்துடுச்சு மேடம். ஏத்திடலாமா?" என்றான் மெக்கானிக்.

லீவர்... லீவர்... லீவர்!

"யோவ், அறிவில்ல?" மாப்பிள்ளை கத்தியே விட்டான். "பக்கத்துல நின்னு திருகினா எப்படிய்யா? ஏறி உக்காருய்யா! சீட்ல ஆள் இல்லன்னா இது ஸ்டார்ட்டே ஆகாது! ஓடிட்டிருந்தாலும், எந்திரிச்சா நின்னுடும்!"

மெக்கானிக் ஏறி உட்கார்ந்தான். பிரேக்கை மிதித்துச் சாவியைத் திருகினான்.

ட்டுர்ர்ர்ர்!

மெல்ல எழுந்தான்.

இன்ஜின் நின்றது.

"அட, ஆமா!" என்றார் இன்ஸ்பெக்டர். "அப்ப நேத்து மட்டும் ஆளே இல்லாம எப்படி சார் ஓடி வந்துச்சு?"

மாப்பிள்ளை தோட்டக்காரரைக் கைகாட்டினான்.

"அது... வந்து... தோட்டக்காரன்தான் சொன்னான், சீட்டு விஷயம்..."

"நான் எப்பங்க சொன்னேன்?" தோட்டக்காரர் அழுகையை நிறுத்தினார். "நீங்கதான் எங்கிட்ட முகம் குடுத்தே பேச மாட்டீங்களே!"

"தோட்டக்காரர் எதிர் வீட்டுல. பொண்ணு கடைக்குப் போயிருந்தாங்க. வீட்டுல இருந்தது நீங்களும் பெரியவரும்தான்," என்றார் இன்ஸ்பெக்டர். "சீட்ல உக்காந்திருந்தது யாரு? பெரியவரா?"

மனைவி அவன் எதிரே வந்து நின்றாள்.

"நீயா... எங்கப்பாவை?"

பளார்!

கன்னத்தைப் பிடித்துக்கொண்டவன் மெக்கானிக்கை முறைத்தான். "எல்லாம் உன்னாலடா! வண்டிக்கு என்னன்னு கூடத் தெரியாத நீயெல்லாம் ஒரு மெக்கானிக்!"

"அவர் மெக்கானிக்னு யார் சொன்னா?" இன்ஸ்பெக்டர் சிரித்தார். "எங்க ஸ்டேஷன் ஏட்டு. அவரோட பைக்கையே தினமும் நாங்கதான் தள்ளி விடுறோம். நிஜ மெக்கானிக் காலையிலேயே பார்த்துட்டு, வண்டியில ஒரு குறையும் இல்ல, வாக்குமூலத்துலதான் குறைன்னு சொல்லிட்டுப் போயிட்டார்!"

ஏட்டு கையைத் துடைத்துக்கொண்டு ஜீப்பின் பின்கதவைத் திறந்து பிடித்தார்.

"ஏறி உக்காருங்க மாப்பிள்ளை! இது சீட்ல ஆள் இல்லன்னாலும் ஸ்டார்ட் ஆகும்... நீங்க இல்லாமதான் கிளம்பாது!"