விஜிலா காரணம்

எங்கள் மிதவையூரில் விடிந்ததும் முதலில் கேட்பது காற்றாலைச் சத்தம். அடுத்தது என் மனைவி விஜிலா பாடம் படிக்கும் சத்தம். முட்டம் கரையிலிருந்து பார்த்தால் கண்ணுக்கே எட்டாத தூரத்தில், கடல்மேல் கட்டிய ஊர் இது. நான் காற்றாலை மெக்கானிக். அவள் இங்கே இருக்கும் ஒரே நர்ஸ். தொடுகையுறையை மாட்டிக்கொண்டு, அடுக்களை மேசைமேல் இல்லாத ஒரு நோயாளிக்கு நாடி பார்ப்பாள். தோசை கருகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

எம்.எஸ்சி. நர்சிங், தொடுவலை வழிக் கல்வி. உறையை மாட்டினால் பல்கலைக்கழகத்தின் நிழல் நோயாளிகளின் சூடும் நடுக்கமும் வீக்கமும் விரலில் தெரியும். நிழல் என்றாலும், எப்போதோ எங்கோ உண்மையில் படுத்திருந்த ஒருவரை வைத்து உருவாக்கியதுதான் ஒவ்வொன்றும்.

ஊசி போடவும் மருந்து கொடுக்கவும் இந்தக் காலத்தில் யாரும் எம்.எஸ்சி. படிக்க வேண்டியதில்லை. எதை எப்போது என்று கணிமருத்துவர் என்ற இயந்திரமே தீர்மானித்துவிடும். ஊர்க்காரர்கள் அதைப் 'பெட்டி' என்போம். பெட்டி சொன்னால் சொன்னதுதான். அதைப் பார்த்து "வேண்டாம்" என்று சொல்லும் மறுப்புரிமை, சட்டப்படி முதுநிலைச் செவிலியருக்கு மட்டும் உண்டு. நோயாளியின் பக்கத்தில் இன்னமும் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் அவர்கள்தானே. அந்த உரிமை உள்ள ஒருவர் இல்லாத ஊரில் பிரசவ வார்டு நடத்த முடியாது. எங்களுக்குத் தந்திருந்த தவணை முடிகிறது; இந்த ஆண்டும் விஜிலா தேறாவிட்டால் எங்கள் வார்டை மூடிவிடுவார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் வலியோடு படகேறிக் கரைக்குப் போக வேண்டியதுதான்.

போன ஆண்டு தவறிவிட்டாள். தேர்வில் ஒரே ஒரு மறுப்புதான் தருவார்கள். ஊசியைக் கண்டு அழுத ஒரு நிழல் கிழவர்மேல் இரக்கப்பட்டு அதைச் செலவழித்துவிட்டாள். அவருக்கு அந்த ஊசி தேவைப்பட்டது.

"ஏளா, இல்லாத ஆளு அழுததுக்கு, இருக்கப்பட்ட டிகிரிய விட்டுட்டு வந்திருக்கியே" என்று கேலி செய்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு கிடைத்தது, மீன் கிடைக்கவில்லை.

இந்த முறை தேர்வுக்கு நான்தான் சாட்சி. வீட்டார் ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். வாய் திறந்தால் தேர்வே செல்லாது. வாயை மூடி உட்காருவது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று ஊருக்கே தெரியும். அறை அதிரக் கூடாது என்று, பக்கத்துக் காற்றாலைக்கு அன்றைக்குப் பார்த்து எண்ணெய் மாற்றும் வேலையை வைத்து நிறுத்தினேன்.

சுவர்த்திரையில் நிழல் நோயாளிகள் ஒவ்வொருவராக வந்து போனார்கள். மூச்சு முகமூடி வேண்டாமென்று ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். விஜிலாவின் கண் கலங்கியது. ஆனாலும் அவர் தலையைத் தடவிக்கொண்டே அதைப் பொருத்தினாள். மறுப்பு அப்படியே இருந்தது.

கடைசியாகப் புதிதாய்ப் பிள்ளை பெற்ற ஒரு பெண். ரத்த அழுத்தம் சரி, காய்ச்சல் இல்லை, பெட்டி கேட்ட கேள்விக்கெல்லாம் சிரித்த முகத்தோடு பதில் சொல்லியிருக்கிறாள். அவளுடைய அக்கா பக்கத்தில் நின்றாள்.

"வீட்டுக்கு அனுப்பலாம்" என்றது பெட்டி.

விஜிலா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். பிறகு கையை விட்டுவிட்டு, அவள் மூட்டை கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கோ பொறுமை போய்விட்டது. எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, அனுப்பிவிட்டு எழுந்து வாயேன் என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.

"வேண்டாம். இவள அனுப்பக் கூடாது" என்றாள் விஜிலா.

"காரணம்?" என்றது பெட்டி.

"பிள்ளைத் துணி ஒண்ணுகூட இவ பையில இல்ல. எல்லாத்தையும் அக்கா பையில மடிச்சு வைக்கா. பிள்ளைக்கு எப்படிப் பால் புகட்டணும்னு அக்காவுக்குச் சொல்லிக் குடுக்கா. இவ வீட்டுக்குப் போகல. பிள்ளைய ஒப்படைச்சிட்டு எங்கயோ போறா."

"இந்தக் காரணம் என் தொகுப்பில் இல்லை. மறுப்பைத் திரும்பப் பெறலாம்."

"திரும்பப் பெற மாட்டேன்."

திரை அணைந்தது. போச்சு, இந்த ஆண்டும் போச்சு என்று நான் தலையில் கை வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தேர்வாளர் பூங்கோதை திரையில் வந்தார். மனுஷிதான், நிழல் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இந்தப் பொண்ணை அன்னைக்கு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, விஜிலா. மறுநாள் அவ உயிரோட இல்ல. பிள்ளை மட்டும்தான் மிஞ்சிச்சு. எல்லா எண்ணும் சரியா இருந்துச்சே, எங்கே தவறவிட்டோம்னு எங்களுக்குத் தெரியவே இல்ல. எத்தனையோ பேர் இந்தத் தேர்வுல அவளை அனுப்பிட்டாங்க. நிறுத்தினது நீங்கதான்."

விஜிலா உறையைக் கழற்றாமலே அழுதாள். சாட்சி என்பதை மறந்து நானும் அழுதேன். அழக் கூடாது என்று விதியில் இல்லை.

தேர்வாளர்கள் ஏற்றுக்கொண்ட புதிய காரணத்தை நாட்டிலுள்ள எல்லாப் பெட்டிக்கும் கற்றுக்கொடுப்பார்கள், கண்டுபிடித்தவரின் பெயரோடு. அதுதான் வழக்கம். பட்டம் வந்த அன்று ஊருக்கெல்லாம் கொடுக்கப் பாயசம் காய்ச்சினேன். ஆனாலும் உள்ளுக்குள் ஓர் உறுத்தல்.

"உனக்குத் தெரிஞ்சத எல்லாம் பெட்டிக்குச் சொல்லிக் குடுத்திட்டா, அப்புறம் உனக்கு என்ன வேலை இருக்கும்?" என்றேன்.

"மொதல்ல பாயசத்துக்கு முந்திரி வறுங்க" என்றாள் அவள்.

சில மாதம் கழித்து வார்டில் மின்விசிறியைச் சரிசெய்யப் போயிருந்தேன். எங்கள் பண்டகசாலையில் வேலை பார்க்கும் ஷைனி பிள்ளையோடும் தங்கச்சியோடும் கிளம்பத் தயாராக நின்றாள். திடீரென்று பெட்டி பேசியது.

"வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். குழந்தையின் துணிகள் தாயின் பையில் இல்லை. இது விஜிலா காரணம்."

ஏணிமேல் நின்றபடியே எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. என் பெண்டாட்டியின் பெயரைப் பெட்டியே சொல்கிறது! ஷைனி பதறிப்போனாள்.

"ஐயோ அக்கா, என் பையில ஜிப்பு போயிட்டு! அதான் தங்கச்சி பையில வச்சேன். இந்தப் பெட்டிக்கு என்ன கிறுக்கா?"

விஜிலா வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பையைப் பார்த்தாள், ஜிப் உண்மையிலேயே பிய்ந்திருந்தது. அதோடு விடவில்லை. பிள்ளையை வாங்கித் தங்கச்சியிடம் நீட்டினாள். பிள்ளை சிணுங்கியதுதான் தாமதம், ஷைனி "எங்கிட்ட தாங்க" என்று பறித்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். அவள் முகத்தையே விஜிலா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பெட்டியின் பக்கம் திரும்பினாள்.

"மறுக்கிறேன். இவ வீட்டுக்குப் போகலாம்."

"இது உங்கள் காரணம். உங்கள் காரணத்தையே மறுக்கிறீர்களா?"

"ஆமா."

"மறுப்புக்குக் காரணம்?"

"நான் பாத்தேன்" என்றாள் விஜிலா.

பெட்டி மறுப்பைப் பதிந்துகொண்டது. கதவைத் திறந்துவிட்டது.