தேதி போன மருந்துச் சீட்டு

"தேதி முடிஞ்சு போச்சுங்க. இந்தச் சீட்டுக்கு மாத்திரை தர முடியாது."

மருந்தாளுநன் சீட்டைத் திருப்பி நீட்டினான். எட்டு மணி நேரம் பேருந்து ஓட்டிவிட்டு, மழையில் நனைந்த சீருடையோடு ஓடி வந்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாலே நாள்தான் சார் தாண்டியிருக்கு! டாக்டர் ஊர்ல இல்ல. நாளைக்கு மாத்திரை இல்லன்னா என் தங்கச்சி வீட்டை ரெண்டாக்கிடுவா!"

பதின்மூன்று வயதுத் தங்கை. போன வருடம் வகுப்புத் தோழி மேல் நாற்காலியைத் தூக்கி எறிந்தவள். பெற்றோர் இல்லாத வீட்டில் அக்காதான் எல்லாம். மாதக்கணக்கில் ஆலோசனை, பயிற்சி... அதுவும் போதாமல்தான் மருத்துவர் மாத்திரை எழுதினார்.

"தங்கச்சி எடையை அப்பப்பப் பார்க்கறீங்களா? பகல்ல ரொம்பத் தூங்குறாளா?" என்று கேட்டான் மருந்தாளுநன்.

"நான் என்ன அவளை மயக்கிப் போட்டு வெச்சிருக்கேன்னா சொல்றீங்க?"

"ஐயோ, அப்படிச் சொல்லலைங்க..."

வரிசையில் நின்ற பெண்மணி முணுமுணுத்தாள். "ரெண்டு போட்டா அடங்கப்போகுது. இதுக்குப் போய் மாத்திரையாம்!"

அக்காவின் கண்கள் சட்டென்று நிறைந்தன. மழைத்துளி என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம்... அவன் நினைக்கவில்லை.

"உங்க பிரஷரும் ரெண்டு போட்டா இறங்குமாம்மா?" என்று அந்தப் பெண்மணியைக் கேட்டுவிட்டு, அவளிடம் திரும்பினான். "இதைத் திடீர்னு நிறுத்தவும் கூடாது. இருங்க, பார்க்கறேன்."

மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்தான். நாற்பது நிமிடம் நாலு பிரிவுக்கு மாற்றினார்கள். கடைசியில் கிடைத்த வேறொரு மருத்துவர், தங்கையின் பழைய குறிப்புகளைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வியே... எடை! போன மாதத்தைவிட இரண்டு கிலோ கூட என்று அவள் மெல்லச் சொன்னாள். அடுத்த வாரம் நேரில் அழைத்து வரச் சொல்லி, அதுவரைக்குமான புதுச் சீட்டை அனுப்பினார்.

நன்றி என்று ஒரு வார்த்தை... வரவில்லை. வீம்பு! மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை அவன் அவள் பேருந்தில் ஏறினான். செவ்வாயும். பத்தாம் நாள், கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் உட்கார்ந்திருந்தான். வெளியே சோவென்று மழை.

"உங்க வீடு கடைக்கு மேல்மாடின்னு ஊருக்கே தெரியும். தினமும் இங்க வந்து எதுக்கு சார் என் உயிரை வாங்குறீங்க?"

"இங்க வந்தாத்தானே திரும்பிப் போக முடியும்..."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "கல்யாணம் பேசின ஒருத்தர், தங்கச்சியை விடுதியில தள்ளிட்டு வான்னார். அவரைக் கதவு வரைக்கும் போய் வழியனுப்பிட்டேன். இன்னொரு தடவை அதுக்குத் தெம்பில்ல."

"தங்கச்சி நேத்து கடைக்கு வந்தா. 'எங்க அக்காவை அழ வெச்சா கடையை உடைச்சிருவேன்'னா."

"அடிப்பாவி! உடைச்சாளா?"

"இல்ல. பல்லைக் கடிச்சுக்கிட்டு பத்து வரைக்கும் எண்ணினா. நானும் கூடவே எண்ணினேன்." அவன் குரல் இறங்கியது. "அவ கோபம், அவ மாத்திரை எல்லாம் தெரிஞ்சுதாங்க தினமும் ஏறுறேன். உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு..."

அவள் கண்ணாடியில் வழியும் மழையையே பார்த்தாள். காது மடல் சிவந்தது.

"எரிச்சலா வருது சார். காலையில வண்டி எடுத்ததுலேருந்து நீங்க ஏறுற நிறுத்தம் எப்ப வரும்னே ஓட்டறேன்... இப்படியே போனா எங்கயாவது கொண்டு போய் மோதிடுவேன். எனக்கும் பிடிச்சிருக்கு... போதுமா?"