திரும்பி வந்தவர்கள் எழுதியவை

“முன்னேறலாம்” என்றது படைக்கு யோசனை சொல்லும் இயந்திரமான போர்மதி. அது தயங்கிச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை.

எந்த நாட்டுப் படைவீரன் எந்த மொழியில் தன் போர் நினைவுகளை எழுதியிருந்தாலும் போர்மதி அதைப் படித்திருந்தது. பதுங்குகுழிக் காலத்துப் புத்தகங்கள் முதல் போன வருடத்து ட்ரோன் சண்டைகள் வரை எல்லாம் அதற்கு அத்துப்படி. அந்தப் படிப்பை நம்பித்தான் இப்போது படைகளை நடத்துகிறார்கள். தளபதிகள் புத்தகத்தைத் தொட்டுப் பல காலம் ஆயிற்று. அதுதான் படிக்கிறதே, நமக்கேன் வம்பு!

மேஜர் இன்பவல்லியை மட்டும் புத்தகப் பைத்தியம் விடவில்லை. சாப்பிடும்போதுகூட ஏதாவது ஒரு போர் நினைவு நூல் தட்டுக்குப் பக்கத்தில் விரிந்து கிடக்கும். கட்டளை அறையில் இன்று அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கணவாய்க்குக் கீழே கேப்டன் ஜெபமணியும் அவனுடைய ஆட்களும் பாறை மறைவில் கிடந்தார்கள். மேலே எதிரியின் கொல்பறவைகள், உடம்புச் சூட்டை மோப்பம் பிடித்து வந்து வெடிக்கும் இயந்திரங்கள், வட்டமிட்டுக்கொண்டிருந்தன. நேற்று போர்மதியின் இதே யோசனையைக் கேட்டு இதே கணவாயில் ஏறிய குழுவில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

“சார், கொஞ்சம் பொறுங்க” என்றாள் கர்னல் கோதண்டபாணியிடம். “இது படிச்ச புக்ல எல்லாம் ‘குண்டு மழையில ஓடினேன்’னு வரும். ஓடினவன் பொழைச்சான், அதனால எழுதினான். செத்தவன் எவன் சார் புக்கு எழுதினான்?”

கர்னலின் முகம் வெளிறிவிட்டது. கேள்வியைப் போர்மதியிடமே போட்டார்.

“உண்மைதான்” என்றது அது, கொஞ்சமும் கூச்சப்படாமல். “நான் படித்த எந்த நூலிலும் எழுதியவர் சாகவில்லை. சாகிறவரின் அனுபவம் என்னிடம் இல்லை. அது கிடைத்தால் என் கணிப்பு சரியாகிவிடும்.”

“எப்படிக் கிடைக்கும்?” என்றார் கர்னல்.

“கேப்டன் ஜெபமணி முன்னேறட்டும். பார்ப்பதையெல்லாம் வயர்லெஸ்ஸில் சொல்லிக்கொண்டே போகட்டும். கடைசி வரைக்கும்.”

கர்னல் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “ஒருத்தன்தான், மேஜர். அதுக்கப்புறம் ஆயிரம் பேரு பொழைப்பாங்க.”

“அவன் பொண்டாட்டிகிட்ட போய் இதைச் சொல்லுவீங்களா?” கத்திக்கொண்டே ஒலிவாங்கியைப் பறித்தாள். “ஜெபமணி! யார் சொன்னாலும் மேல ஏறாத. திரும்பி வா!”

“மெஷின் போவச் சொல்லுதே மேடம்?”

“நான் சொல்றேன், வாய்யா!”

கொல்பறவைகளின் இரைச்சல் மட்டும் கேட்டது. ஏதோ வெடித்தது. கல் சரிந்தது. அவளுக்கு உயிரே போய் வந்தது. பிறகு மூச்சிரைக்கும் ஒரு குரல்: “மாதாவே! எல்லாரும் எறங்கியாச்சு மேடம். வந்துட்டிருக்கோம்.”

இன்பவல்லி பொத்தென்று உட்கார்ந்து அழுதாள். யார் பார்த்தால் என்ன!

“வருத்தம்தான்” என்றது போர்மதி. “அவர் திரும்பி வந்து எழுதினாலும், என்னிடம் இருக்கும் புத்தகங்களோடு அது இன்னொன்று, அவ்வளவுதான். வேறொருவரை அனுப்புங்கள். இந்த நூல்களை நிறையப் படித்தவராக இருந்தால் நல்லது. எதைக் கவனித்துச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.”

கர்னல் மேசையைப் பார்த்தபடியே கேட்டார்.

“நீங்க இதுவரைக்கும் எவ்வளவு புக்கு படிச்சிருப்பீங்க, மேஜர்?”