கழற்றி வைக்க முடியாத பற்கள்

கமலாசனி மெல்லுவதை நிறுத்தினாள். மெல்லும் சத்தம் நிற்கவில்லை.

ஈர மண்ணை இரண்டு கற்களுக்கிடையில் வைத்து நெரித்ததைப் போல, கீழ்த்தாடைக்குள் ஏதோ ஒரு தடவை அரைபட்டு அடங்கியது. வாயிலிருந்த சோறு அசையவே இல்லை. எதிரே கணவர் நடராசா மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். குசினி யன்னலுக்கு வெளியே வட்டக்கச்சி வயல்வெளி மத்தியான வெயிலில் மஞ்சளாய்க் காய்ந்து கிடந்தது, காற்றுகூட இல்லை. புதுப் பல், பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் மீதிச் சோற்றை விழுங்கினாள்.

அந்தப் பல்லுக்காக அவள் எவ்வளவு ஏங்கியிருந்தாள்! பல வருடங்களாகக் கழற்றிப் பூட்டும் பொய்ப்பல்தான். அது பல்முரசை உரசிப் புண்ணாக்கும், கதைக்கும்போது வழுக்கும். ஒரு கலியாண வீட்டில் பந்தியில் சிரித்தபோது கழன்று வாழையிலையில் விழுந்தது. அதற்குப் பிறகு அவள் எந்த வீட்டுப் பந்தியிலும் இருக்கவில்லை; சேலைத் தலைப்பால் வாயை மறைக்காமல் சிரித்ததும் இல்லை. கடைசியில் கிளிநொச்சியில் பல் வைத்தியர் தாட்சாயினிதான் தாடையெலும்புக்குள் திருகாணிகளை இறக்கி, எலும்பு அவற்றைப் பிடிக்கும்வரை பொறுத்திருந்து, மேலும் கீழும் முழு வரிசைப் பற்களைப் பூட்டிவிட்டாள்.

"எலும்போடை எலும்பாப் போயிடும் அம்மா. இனி ராவிலை கழட்டித் தண்ணியிலை போடத் தேவையில்லை. ஆசை தீரச் சாப்பிடுங்கோ."

அன்றைக்கு பஸ் நிலையத்தில் நின்றபடியே கச்சான் கடலை வாங்கிக் கடித்துக் கண்ணீர் விட்டவள் அவள்.

சத்தம் மறுநாளும் வந்தது. பிறகு சாப்பிடாத நேரங்களிலும் வந்தது. ஒரு காலை, குசினி நிலத்தில் குந்தியிருந்து முழங்காலில் நாடியை ஊன்றியபடி கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, அந்த அரைபடும் ஓசை பாதத்தில் தொடங்கி, கணுக்காலேறி, முழங்காலால் நாடிக்குள் புகுந்து, திருகாணி திருகாணியாகத் தாடை முழுக்கப் பரவுவதை அவள் உணர்ந்தாள். நாடியைத் தூக்கினாள். நின்றது. மறுபடி ஊன்றினாள்.

கீழே யாரோ மென்றுகொண்டிருந்தார்கள்.

அன்று மத்தியானம் கதிரையில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் அவள் இருந்தாள்.

"இஞ்சேருங்கோ, இந்தக் குசினி இருக்கிற இடத்திலை முந்தி என்ன இருந்தது?"

"சண்டை நேரம் ஷெல்லுக்கு ஒளிக்க வெட்டின எங்கடை பங்கர்தான். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வரேக்கை மூடினது. உனக்குத் தெரியும்தானே."

"மூடேக்கை உள்ளுக்குப் பாத்தனீங்களோ?"

நடராசாவின் கை சோற்றுக் கோப்பையிலேயே நின்றது. "தண்ணி நிண்டது. கெட்ட மணமும் அடிச்சது. கல்லும் மண்ணும் கொட்டி மூடிப்போட்டன். எல்லாரும் அப்பிடித்தான் செய்தவை."

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார்.

கிளிநொச்சிக்குப் போனாள். தாட்சாயினி பல்வரிசையைத் திருகிக் கழற்றித் தட்டில் வைத்தாள். எக்ஸ்-றேயில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பல்லில்லாத வாயில் வெறும் உலோக முனைகள் மட்டும் நின்றபோது, நிலத்தோடு பூட்டியிருந்த அந்தக் கதிரையின் வழியாக ஓசை இன்னும் துலக்கமாக ஏறி வந்தது. இங்கே ஒன்றல்ல. அகலமாக, தகரக் கூரையில் மழை பிடித்ததைப் போல, எத்தனையோ வாய்கள்.

"ஆணியையும் எடுத்துவிடுங்கோ பிள்ளை. கும்பிட்டுக் கேக்கிறன்."

"எலும்பு பிடிச்சிட்டுது அம்மா. எடுக்கிறதெண்டால் தாடையையும் சேத்து வெட்டவேணும். பிறகு பழைய பல்லும் நிக்காது." பல்வரிசையைத் திரும்பப் பூட்டும்போது தாட்சாயினியின் குரலில் இரக்கம் இருந்தது. அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

நடராசா அவளைப் பளைக்கு, தன் தங்கை இராசமலர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பஸ் ஓடும்வரை இயந்திர இரைச்சல் எல்லாவற்றையும் மூடியிருந்தது. பரந்தனில் சாரதி இயந்திரத்தை நிறுத்தினான். கமலாசனி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடினாள். அங்கேயும். ஆனையிறவில் மறுபடி நிறுத்தியபோது, வெளிறிய உப்பு வெளிக்குக் கீழே, அங்கேயும். பளையில் இராசமலர் வாசலுக்கு ஓடி வந்து கையைப் பிடித்தபோது, தென்னைகளின் நிழலில் அசையாமல் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு நிலத்தின் ஓசையைக் கவனித்தாள்.

"இஞ்சையும் கேக்குதோ?" என்றார் நடராசா.

அவள் தலையாட்டினாள். அன்று பின்னேரமே திரும்பிவிட்டார்கள். போக வேறு இடம் இல்லை.

அதன்பிறகு சாப்பாடு ருசிக்கவில்லை. விழுங்கியது வயிற்றுக்குப் போவதாகவும் தெரியவில்லை. அவள் மென்றால் கீழே இருந்ததும் சேர்ந்து மென்றது, அவசரமாக, பறிப்பதைப் போல. அவள் உண்ணாமல் இருந்தால் அது மெதுவாகி, காத்திருந்தது. சட்டை தோளில் தொங்கியது. கன்ன எலும்பு துருத்தியது. ஒரு நாள், வெறும் வாயோடு முற்றம் கூட்டிக்கொண்டு நின்றபோது, தாடை தானாக அசைந்தது. அவள் இரண்டு கையாலும் நாடியை இறுக்கிப் பிடித்தாள். அது மென்றது. உள்கன்னக் கொடுப்பைக் கடித்தது. இரத்தம் உப்பாய்க் கரித்தது. அப்போதும் மென்றது.

அறுவடை தொடங்கிய நாள். நடராசா வயலுக்குப் போய்விட்டார். உச்சி வெயில். கமலாசனி இரும்பு அலவாங்கை எடுத்து வந்து குசினி மூலையில் சீமெந்தை இடித்தாள். பார்த்துவிடலாம். என்னதான் என்று பார்த்துவிட்டால் போதும்.

சீமெந்து துண்டுதுண்டாகப் பெயர்ந்தது. கீழே மண். அந்தக் கோடையிலும் ஈரமான, கறுத்த மண். நெடுங்காலம் பூட்டிக் கிடந்த வாயின் நாற்றம்.

"ஆர் உங்கை?"

மெல்லும் சத்தம் நின்றது.

எவ்வளவு நாளைக்குப் பிறகு அந்த அமைதி! தூரத்தில் அறுவடை இயந்திரத்தின் இரைச்சல்கூடக் கேட்டது. அவளுக்கு அழுகை வந்தது.

பிறகு தாடை கனத்தது.

திருகாணி ஒவ்வொன்றும் கீழ்நோக்கி இழுத்தது. முழங்கால் மடிந்தது. கைகளை ஊன்றித் தள்ளினாள். கழுத்து வளைந்தது. நெற்றி. மூக்கு. மண்.

கத்தத் திறந்த வாய்க்குள் மண் நிறைந்தது. பற்கள் புதைந்தன. ஆழமாக. இன்னும் ஆழமாக.

எதிலோ தட்டின.

கல் இல்லை. ஒரு வரிசை. அவளுடைய வரிசைக்கு நேராக, பல்லுக்குப் பல், அளவெடுத்தது போலப் பொருந்தியது. சற்று நேரம் அப்படியே இருந்தது.

மெதுவாக அது திறந்து, அவளுடைய கீழ்த்தாடையைக் கவ்வியது. அதற்கும் கீழே, இருட்டுக்குள், மற்றவர்கள் இடம் கேட்டு நெருக்கிக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தார்கள்.