நடு சீட்

நடு சீட்டில் யாரும் இல்லை. ஆனாலும் கார் விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

ணிங், ணிங், ணிங். ஸ்டீயரிங்குக்குப் பின்னால், வயிற்றின் குறுக்கே பட்டை போட்ட ஒரு குட்டிச் சிவப்பு மனிதன் அணைந்து அணைந்து எரிந்தான். பின்னால் யாராவது பெல்ட் போடாமல் உட்கார்ந்திருந்தால்தான் அவன் எரிவான்.

"அக்கா, பெல்ட் போட்டியா?" அப்பா கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

"நானும் போட்டிருக்கேன், குண்டனுக்கும் போட்டாச்சு. நடு சீட்டுக்குத்தான்ப்பா கத்துது."

"சென்சார் மண்டையைப் போட்டிருக்கும். வண்டிக்கும் வயசாகுதுல்ல. சும்மா அந்த பெல்ட்டை இழுத்து மாட்டி விடு, வாயை மூடிக்கும்."

காலி சீட்டின் குறுக்கே பட்டையை இழுத்து அவள் மாட்டினாள். க்ளிக். கார் உடனே அடங்கியது. கேட்டதைக் கையில் கொடுத்ததும் அழுகையை நிறுத்தும் பிள்ளை மாதிரி.

அந்த வீட்டில் அவளை அப்பா அம்மாகூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். போக இடமில்லாத குழந்தைகளைக் கொஞ்ச காலம் வைத்து வளர்த்துக் கொடுக்கிற வீடு அது. ஆறு வருஷத்தில் ஒன்பது பேர் வந்தார்கள், ஒன்பது பேருக்கும் அவள் அக்கா. பதினைந்து வயதிலேயே அவளுடைய சொந்தப் பெயர் பள்ளிக்கூட ரிஜிஸ்டரோடு நின்றுவிட்டது.

எட்டு பேர் போய்விட்டார்கள். ஒன்பதாவது குண்டன், மூன்று வயது. இவன் போகப்போவதில்லை. நாளைக் காலை பத்து மணிக்குள் குழந்தைகள் நல ஆபீஸுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டால் இவன் இந்த வீட்டுப் பிள்ளை. அதற்காகத்தான் ஏழு மணி நேரப் பயணம். நைட் டியூட்டியோடு பகல் டியூட்டியும் சேர்த்து முடித்து வந்து முகம் மட்டும் கழுவிக்கொண்டு காரில் ஏறிய அம்மா, நர்ஸ் செருப்பைக்கூட மாற்றவில்லை. முன் சீட்டில் அவள் தலை ஒவ்வொரு பள்ளத்துக்கும் கண்ணாடியில் இடித்தது, ஆனால் விழிப்பே வரவில்லை. அப்பா கண்ணைத் திறந்து வைத்திருக்கவே கன்னத்தில் தட்டிக்கொண்டார்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். வெளியே இருட்டி மழை பிடித்திருந்தது. வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தும் சாலை தெளியவில்லை, எதிரே வரும் லாரிகளின் வெளிச்சம் கூரையில் ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது, காருக்குள் பிஸ்கட் தூளும் கொட்டிய பாலும் குண்டனின் வேர்வையும் சேர்ந்த வழக்கமான வாடை. அதற்கு நடுவில்தான் இன்னொரு வாடை மெல்ல வந்தது. நனைந்த தலைமுடி, துவட்டாமல் அப்படியே விட்ட தலைமுடி. கூடவே மழை விழுந்த தார் ரோட்டின் வாடை.

ஜன்னல் திறந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது.

"அக்கா, உதைக்காதம்மா. முழங்கையில இடிக்குது."

முன் சீட்டுகளுக்கு நடுவே இருக்கும் பெட்டியில்தான் அப்பாவின் முழங்கை இருந்தது. அவள் இரண்டு காலையும் மடக்கி சீட்டின் மேல் வைத்திருந்தாள். குண்டனின் கால் அங்கே எட்டாது.

"சாரிப்பா," என்றாள். வேறு என்ன சொல்வது?

அந்த இடத்தில் உதைக்கிறவள் ஒருத்திதான். சிட்டு.

சிட்டு எட்டாவது. ஏழு வயது, எட்டு மாதம் இருந்தாள். எப்போதும் நடு சீட்தான் வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி, "அக்கா, முழிச்சிருக்கியா?" என்று கேட்பாள். அக்காவுக்கு முழிப்பு வந்ததும் சிட்டு தூங்கிவிடுவாள். அக்காவுக்கோ பரீட்சை நேரம். ஒருநாள் ஆபீஸ் அம்மா வீட்டுக்கு வந்து, "சிட்டுவோட மாமா அவளைக் கேக்கறார். ஆனா உங்க வீட்லயே இருந்தாலும் இருக்கலாம். உனக்கு என்னம்மா தோணுது?" என்று கேட்டபோது, அக்கா தோளைக் குலுக்கினாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

அந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான் கறாரானது. கிளம்புகிற குழந்தை 'போறேன்' என்று சொல்லக் கூடாது. அனுப்புகிறவர்கள் 'போ' என்று சொல்லக் கூடாது. போயிட்டு வரேன், போயிட்டு வா. திரும்பி வரப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தாலும் அப்படித்தான். "பிள்ளைங்க மூஞ்சில கதவைச் சாத்தக் கூடாது," என்பாள் அம்மா. சொல்லிச் சொல்லி அது நாக்கில் தழும்பாகிவிட்டது.

கேட்டில் நின்று சிட்டு சொன்னாள். "போயிட்டு வரேன்கா."

"போயிட்டு வா."

"எப்போ வரணும்?"

எட்டு பேரில் அதைக் கேட்டவள் அவள் மட்டும்தான். ஆபீஸ் வண்டி ஹாரன் அடித்தது. அம்மா அவளைத் தூக்கி வண்டியில் ஏற்றினாள்.

மூன்று மாதம் கழித்து போன் வந்தது. மாமா வீட்டிலிருந்து சொல்லாமல் கிளம்பிவிட்டாளாம். மழை, ஹைவே, லாரி. எந்தத் திசையில் நடந்துகொண்டிருந்தாள் என்பதை அம்மா அக்காவிடம் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று அவளே கேட்டுக்கொண்டாள். நம்ம வீட்டுப் பக்கம்.

அதனால்தான் குண்டனைப் பற்றி ஆபீஸ் அம்மா கேட்டபோது, கேள்வி முடிவதற்குள் "இருக்கட்டும்" என்றாள். இவனை விடமாட்டேன் என்று அவள் தனக்குள் முடிச்சுப் போட்டிருந்தாள். இவன் ஒருத்தனையாவது.

இப்போது நடு சீட்டைப் பார்க்கக் கூடாது என்று பட்டது. பார்த்தாள்.

சீட்டில் தட்டையாகக் கிடந்த பெல்ட் மேலே எழும்பியிருந்தது. அடியில் ஒரு தலையணையை வைத்த மாதிரி. ஒரு லாரியின் வெளிச்சம் கடந்து போனது. பட்டை கொஞ்சம் ஏறியது. இறங்கியது. ஏறியது.

மூச்சு.

குண்டன் முழித்துக்கொண்டிருந்தான். அழவில்லை. நடு சீட்டைப் பார்த்துச் சிரித்தான். அவன் நீட்டிய குட்டி விரல்கள் காற்றில் நசுங்கியிருந்தன, யாரோ இறுக்கிப் பிடித்திருப்பது போல.

"அக்கா," என்றான். "இந்த அக்கா கை ஜில்லு."

"எந்த அக்காடா?"

"இந்த அக்கா." கொஞ்சம் யோசித்தான். யாரோ காதில் சொல்வதைக் கேட்பது போலத் தலையைச் சாய்த்தான். "என்னை எறங்கச் சொல்றா."

"அப்பா..." என்றாள். மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அப்பா கன்னத்தில் தட்டிக்கொண்டார்.

குண்டனின் குழந்தை சீட்டில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. பெரியவர்கள் கட்டைவிரலால் பலமாக அழுத்தினால்தான் விடும். அது தானாக உள்ளே போனது. பாதி. வெளியே வந்தது. மறுபடியும் உள்ளே.

அவள் பாய்ந்து அதன் மேல் கையை வைத்து மூடினாள்.

உள்ளங்கைக்கு அடியில் விரல்கள் இருந்தன. சின்ன விரல்கள். ஐஸ். அசைந்தன.

போயிடு என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். போயிடு, சிட்டு. இவனை விட்டுடு. வாயைத் திறந்தாள். எட்டு முறை கேட்டில் நின்று பழகிய நாக்கு அவளைக் கேட்காமலே முந்திக்கொண்டது.

"போயிட்டு வா."

பெல்ட் தொய்ந்தது. க்ளிக் என்று கழன்று, சர்ரென்று சுருண்டு தன் கூட்டுக்குள் போனது. ஈர வாடை நின்றது. சிவப்பு மனிதன் எரியவில்லை. குண்டன் கொட்டாவி விட்டுக் கண்ணை மூடினான். அவள் சீட்டில் சரிந்து, மூக்கு ஒழுக, சத்தம் வராமல் அழுதாள். ஒரு கிலோமீட்டர் போன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவள் காதில் விழுந்தது.

ராத்திரி தங்கும் லாட்ஜ், வரிசையாகக் கட்டிய மாடியில்லாத அறைகள். கதவுக்கு நேராகவே காரை நிறுத்தலாம். அப்பா இன்ஜினை அணைத்தார். சாவியையும் இரண்டு பையையும் எடுத்துக்கொண்டு மழையில் ஓடினார். "நான் விழுந்துடுவேன், என்னை யாரும் எழுப்பாதீங்க," என்றது மட்டும் கேட்டது.

அவள் குனிந்து சீட்டுக்கு அடியில் குண்டனின் ஷூவைத் தேடினாள். ஒன்று கிடைத்தது. இன்னொன்றைக் காணோம். அந்தப் பக்கக் கதவு திறந்தது, மழைச் சத்தம் உள்ளே வந்தது, அம்மாவின் செருப்பு தண்ணீரில் சளக் என்றது.

"வாடா தங்கம்... எப்பா, என்ன கனம் கனக்கறே!"

கார்க் கதவு சாத்திக்கொண்டது. இரண்டாவது ஷூ கைக்கு அகப்பட்டது. நிமிர்ந்தாள்.

அம்மா அறையை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். தோளில் பிள்ளை. பின் சீட்டில், கார் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில், வாயைத் திறந்துகொண்டு குண்டன் தூங்கிக்கொண்டிருந்தான். பெல்ட் போட்டபடியே.

அம்மாவின் தோளில் இருந்ததற்குக் கால்கள் நீளம். அம்மாவின் முட்டி வரை தொங்கின. ஒரு கால் சரியான பக்கம் மடங்கவில்லை.

"அம்மா!"

"சத்தம் போடாதடி. தூங்கறான்." அம்மா திரும்பவில்லை, பாதித் தூக்கத்திலேயே அறைக்குள் போனாள். கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

குண்டன் சீட்டின் பொத்தானை அழுத்தினாள். ஒரு முறை, இரண்டு முறை. குண்டனைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். கதவில் அடித்தாள். ஜன்னலில் அடித்தாள். திரை ஒரு கை அகலம் விலகியிருந்தது.

உள்ளே அப்பா ஷூவோடு கட்டிலில் குப்புற விழுந்து கிடந்தார். அசைவில்லை. கட்டில் ஓரத்தில் அம்மா சுவரில் சாய்ந்து, மடியில் இருந்ததைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். தட்டும் கை மெதுவாகிக்கொண்டே வந்தது.

"அம்மா! இவன் இங்க இருக்கான்மா! குண்டன் என்கிட்ட இருக்கான்!"

அம்மாவின் இமைகள் ஒரு நொடி துடித்தன. திறக்கப் பார்த்தன.

மடியிலிருந்து ஒரு சின்னக் கை எழுந்தது. அந்த இமைகளை மேலிருந்து கீழாகத் தடவியது. பொறுமையாக. மறுபடியும். இன்னொரு தடவை. அவை மூடிக்கொள்ளும் வரை.

பிறகு மடியில் இருந்தது தலையைத் திருப்பி, ஜன்னலுக்கு வெளியே மழையில் நிற்கும் இரண்டு பேரையும் பார்த்தது.